லிஃப்ட் இல்லாத குவிமாடம்

ஐந்து நாள் விடுப்பு.
போக ஒன்று, வர ஒன்று,
ரோமில் இறங்கி ரயில் பிடிக்க அரை.
மிச்சம் இரண்டரை நாள் ஃபுளோரன்ஸுக்கு.

புகழேந்தி அட்டவணை போடுகிறார்.
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் ஆறிப்போன தே ஓ கோசோங்.
திங்கள், ஓவியக்கூடம் மூடல்: சிவப்பு.
செவ்வாய் எட்டேகால், முதல் ஆளாய் உள்ளே: பச்சை.
ஓர் ஓவியத்துக்குப் பதினொரு நிமிடம் என்று
எங்கிருந்தோ கண்டுபிடித்திருக்கிறார்.
பீசாவின் சாய்ந்த கோபுரத்தை நேற்றிரவு வெட்டினார்.
"இத்தனை வருஷம் விழாதது
இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்" என்றார்,
பாதி எனக்கு, பாதி திரைக்கு.

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
புதன் காலை, அந்தச் செங்கல் குவிமாடத்தின் உச்சி.
நானூற்று அறுபத்து மூன்று படி.
லிஃப்ட் கிடையாது.
"உனக்கா?" என்று சிரித்தார்.

பதினெட்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது லிஃப்ட்.
நடுவழியில் அது நின்றால்
நீங்கள் அழுத்தும் மஞ்சள் பொத்தானின்
மறுமுனைக் குரல் நான்.
"பயப்படாதீங்க, ஆள் வந்துகிட்டிருக்கார்"
நான்கு மொழியிலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

அதனால் ஒத்திகை.
தோ பாயோ, எங்கள் புளோக், இருபத்தைந்து மாடி.
மாடிக்குப் பதினாறு படி, ஆக முந்நூற்று எண்பத்து நான்கு.
எழுபத்தொன்பது குறைகிறது.
உச்சி தொட்டு, இறங்கி,
மறுபடி ஐந்து மாடி ஏறினால்
குவிமாடம் முடிந்து ஒரு படி மிச்சம்.

ஞாயிறு மாலைகளில் ஏறுகிறோம்.
மூன்றில் யாரோ பெலாச்சான் வறுக்கிறார்கள்.
எட்டில் ஊதுவத்திச் சாம்பல், இரண்டு ஆரஞ்சுப் பழம்.
பதினொன்றில் என் முட்டி பேச ஆரம்பிக்கும்.
பதினான்காம் மாடித் திருப்பத்தில்,
முழங்கால் உயரத்தில்,
சுவரில் மெழுகு வண்ணத்தில் ஒரு சிங்கம்.
ஐந்து கால்.
ஐந்தாவது வாலாக இருக்கலாம் என்றால்
வால் தனியாக இருக்கிறது.
பிடரி முழுக்கப் பச்சை. மஞ்சள் தீர்ந்திருக்கும்.

நின்றுவிட்டேன்.
"நேரம் ஓடுது" என்று மேலிருந்து அவர் குரல்,
கையில் ஓடும் கைபேசிக் கடிகாரத்தோடு.
மூச்சு வாங்குகிறது என்று பொய் சொன்னேன்.
முழுப் பொய்யும் இல்லை.

அடுத்த ஞாயிறு அங்கே வெறும் வெள்ளைச் சுவர்.
நகர மன்றத்து ஆட்கள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்,
வாசனை போகவில்லை.
ஐந்நூறு வருடமாகச் சுவர்களைக் காத்துவைத்திருக்கும் ஊருக்கு
டிக்கெட் வாங்கிய நாங்கள்
விரலில் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்தோம்.

அன்றிரவு அட்டவணையில்
செவ்வாய் நான்கிலிருந்து ஆறு வரை
ஒரு கட்டம் காலியாகியிருந்தது.
நான் கேட்கவில்லை.
அவரும் அதற்கு நிறம் கொடுக்கவில்லை.

நேற்று அதிகாலை மூன்று பத்து.
பொங்கோலில், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்,
உணவு கொண்டுபோகும் பையன் ஒருவன்.
என் ஆங்கிலத்தைக் கேட்டே
"தமிழா அக்கா?" என்றான்.
ஆள் வர இருபது நிமிடம்.
பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் வேலை.
மழை, பந்தாட்டம், வீட்டில் யார் யார்
எல்லாம் தீர்ந்த பிறகு அந்த ஊரைச் சொன்னேன்.
கடைகளைச் சுமக்கும் பாலத்தை,
இரண்டு ஓடுகளுக்கு நடுவே
ஒருக்களித்து ஏற வேண்டிய படியை.

"ரெண்டரை நாளுக்கா அக்கா அவ்வளவு தூரம்?"
"ஆமாம்."
"அங்க லிஃப்ட் இருக்கா?"
"இல்ல."

முதல்முறையாகச் சிரித்தான்.
பெட்டிக்குள் அது முட்டி மோதித் திரும்பியது.
"அப்ப நல்ல ஊருதான்" என்றான்.

பிறகு கதவு இழுபடும் சத்தம்,
யாரோ சீனத்தில் ஏதோ அதட்டியது.
நன்றி சொல்ல நேரமில்லாமல் ஓடிவிட்டான்.
நூடல்ஸ் ஆறியிருக்கும்.