சின்ன சூரியன்

நவம்பரில் போன சூரியன்
இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான்.
ஐஸ்லாந்தின் இந்த மூலையில்
காலை பத்து மணிக்கும் ஜன்னல் கருநீலம்.
மீன் தொழிற்சாலையில் சங்கு ஊதி
பெற்றோர்கள் ரப்பர் கையுறை மாட்டும் நேரம்
என் வகுப்பில் பதினொரு திரைகள்
ஒவ்வொன்றாய்க் கண் விழிக்கின்றன.

பாடம்: சூரியன் எங்கே போனது?

ஒரே பாடம்தான்.
நேற்றிரவு சமையலறை மேசையில்
காபி ஆறிப்போக உட்கார்ந்து
அதைப் பதினொரு அளவில் வெட்டித் தைத்தேன்.
ஸ்டூர்லாவுக்கு எழுத்துகள்
நண்டுபோலப் பக்கவாட்டில் நகரும்;
அவனுக்கு, காதுக்குள் வாசிக்கும் ஒரு குரல்.
டாலிசாய் விரல் வைத்த சொல்லுக்குக் கீழே
அவள் அம்மாவின் மொழி எட்டிப் பார்க்கும்.
இதுனுக்குக் காது கேட்காது.
நான் பேசப் பேச என் வாக்கியங்கள்
அவள் திரையில் ஓடும்,
முக்கால்வாசி சரியாக.
என் இருமலை ஒருமுறை ‘குதிரை’ என்று எழுதியது.

அக்டோபரில் போலந்திலிருந்து வந்த க்னியெவ்கோவுக்கு
நான்கு வரி, ஒரு படம்.

பென்சில் சீவ எழுந்துபோனவன்
ஆல்ஃப்ரூனின் மேசையருகே நின்றுவிட்டான்.
அங்கே மூன்று பக்கம்.
அச்சின் சாய்வு, அட்டவணை, வளைகோடு.
திரும்பி வந்து
தன் திரையிடம் ரகசியம்போல ஏதோ சொன்னான்.
விமான அறிவிப்புக் குரலில்
அது எங்கள் மொழியில் உரக்கக் கேட்டது:
“எனக்கு மட்டும் ஏன் சின்ன சூரியன்?”

இதுனின் திரையிலும் அந்த வரி ஓடியிருக்கும்.
அவள் என்னைத்தான் பார்த்தாள்.

ஒரு கோடு, அதில் நகரும் ஒரு பொத்தான்.
இடக்கோடி எளிது, வலக்கோடி கடினம்.
இழுத்தது நான்.
இயந்திரத்தின்மேல் பழிபோட வழியில்லை,
‘சரியா?’ என்று அது கேட்டது.
தூக்கக் கலக்கத்தில் ‘சரி’ என்றேன்.

ஒரே பந்தியில் உட்காரவைத்து
ஒருவன் இலையில் மட்டும்
குறைத்துப் பரிமாறிய கை இது.
அவன் பசியின் அளவு
தனக்குத் தெரியும் என்று நம்பிய கை.

மன்னிப்புக் கேட்க எனக்குப் போலிஷ் வராது.
இயந்திரத்திடம் சொல்லியிருக்கலாம்;
அந்தக் குரலில் மன்னிப்பும்
இருக்கைவார் அணியச் சொல்வதுபோல் இருந்திருக்கும்.
நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.
கோட்டைக் காட்டினேன்.
அவன் விரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தேன்.

யோசிக்கவே இல்லை.
வலக்கோடிவரை இழுத்தான்.

மூன்று பக்கமும் சொற்காடு.
பாடவேளை முழுக்க
முதல் பத்தியிலேயே கிடந்தான்,
மீனில் முள் எடுப்பவன்போல.
நடுவில் ஸ்டூர்லா
தன் ஒலிக்கருவியில் பாதியைக் கழற்றிக் கொடுத்தான்.
ஆளுக்கொரு காது.
அவன் பார்க்க, இவன் கேட்க,
இரண்டு பேருக்குமாக ஒரு பூமி சுற்றியது.
மணியடிக்கும்போது க்னியெவ்கோவிடம்
ஒரே ஒரு சொல் இருந்தது: சாய்வு.
அழிப்பானில் பென்சிலைக் குத்தி
சாய்த்துப் பிடித்துக் காட்டினான்.
சரியான பக்கம்தான்.

மறுநாள் பார்த்தேன்.
அவன் பொத்தான் நடுவிலிருந்து சற்றே வலப்பக்கம்.
அவனே வைத்தது, நான் கேட்கவில்லை.
ஆல்ஃப்ரூன் இடக்கோடிக்கே போயிருந்தாள்.
“தினமும் பெரிய சூரியன் சலிக்கிறது, டீச்சர்.”
எனக்கு அது தெரியவே தெரியாது.

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மலையின் பல்லிடுக்கில் வந்தது.
நான்கு நிமிடம்.
பின்வரிசை மேசை, சுவர், ஒரு தொப்பி.
மூன்று மொழியிலும் ஒரே கூச்சல்.
இதுனின் திரை திணறியது:
பலர் பேசுகிறார்கள்.
பலர் பேசுகிறார்கள்.
பிறகு, தனி வரியில்:
சிரிப்பொலி.

யார் என்று தேடினாள்.
கத்திக்கொண்டிருந்தார்கள் எல்லோரும்,
ஒருவரும் சிரிக்கவில்லை.
நான் அவளைச் சுட்டினேன்.

தொண்டைக்குழியில் கை வைத்து
சரிபார்த்துக்கொண்டாள்.