குறைந்தபட்சக் கட்டணம்

கல்லடிப் பாலத்தில் ஏறும்போதே இம்தாத் கேட்டான்,
"யன்னலுக்கு எவ்வளவு எண்டு முடிவெடுத்தியா?"
ஓட்டோவின் தலையில் ஏணி.
என் மடியில் வாளி, வாளிக்குள் விலைக் கொப்பி.

டோகாவில் அவனுக்கு மாதச் சம்பளம்.
முப்பத்தெட்டாம் மாடியில் கயிற்றில் தொங்கியவனுக்கு
மண்ணில் நிற்கிற வீட்டுக்கு விலை சொல்ல நாக்கு எழவில்லை.
நான் அதற்கு முன் விற்றது
ஃபோன் கவர்.

முதல் கிழமை யன்னலுக்கு ஐம்பது என்றோம்.
ஊறணியில் ஒரு வீடு. பன்னிரண்டும் லூவர்.
தகடு தகடாய், உள்ளும் புறமும்,
விளக்கு வைக்கும்வரை துடைத்து வாங்கிய அறுநூறு
பெற்றோலுக்குள் போயிற்று.

அன்றிரவுதான் கொப்பி வாங்கினேன்.
இழுவைக் கண்ணாடி இருநூற்றைம்பது.
கிறில் போட்டது முந்நூறு,
கம்பிக்குள் கை போய்த் திரும்பி வரவேண்டும்.
லூவர், தகட்டுக்கு இருபது.
மேல்மாடி என்றால் நூறு கூட.
கச்சான் காற்றின் புழுதிக்குத் தண்ணீர் போதும், அதற்கு ஒன்றுமில்லை.
உப்பு
என்று எழுதி, எதிரே வெறும் கோடு இழுத்தேன்.
அடியில் இம்தாத்தின் கையெழுத்து, இரண்டு கோடிட்டு:
இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்து வருவதில்லை.

"பேப்பரும் தண்ணியும்தானே, அதுக்கு மூவாயிரமா?"
என்றா டொக்டரின் மனைவி.
காத்தான்குடியில் இம்தாத்தின் சாச்சா
சொந்தத்துக்கும் விலையா என்று சிரித்தார்.
அவருக்கு மட்டும் ஐம்பது கூட்டிச் சொன்னான்.

பவளராணி அக்கா பேரம் பேசவில்லை.
கச்சேரியில் கணக்குப் பிரிவில் இருந்தவ.
பதினான்கு யன்னலையும் எங்களோடு நடந்து எண்ணினா.
நாலாயிரத்து நூற்றைம்பது என்றேன்.
"மேல கடற்பக்கம் மூண்டையும் விடு. கழிச்சுச் சொல்லு."
கல்லடியில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.
எழுநூற்றைம்பதைக் கழித்து நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினா.
"என்னகா இது? மேல்மாடிக் கூலியும் கழியுமே.
மூவாயிரத்து நூறு."
சிவப்புப் பேனையால் திருத்தி, பக்கத்தில்
சின்ன எழுத்தில் ஒப்பமும் வைத்தா.

மாசி பிறந்து கோல் எடுத்தா.
"ஒரு யன்னல் மட்டும். நடுவில கிடக்கிறது."

அது அழுக்கில்லை. சுவர்போலச் சுண்ணாம்பு பிடித்திருந்தது.
வினாகிரி ஊற்றினேன். சவர அலகைப் போட்டேன்.
கீழே ஏணியைப் பிடித்தபடி இம்தாத்
இரண்டுதரம் மணி சொன்னான்.
ஒரு ரூபாக் குற்றியளவு முதலில் விட்டது.
அதற்குள் அவவின் மூக்குக் கண்ணாடி.
என்னைப் பார்க்கவில்லை,
என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தா.
நான் கொஞ்சம் விலகினேன்.
ஏணியில் விலக எவ்வளவு இடம் இருக்கும்?

இறங்கி வந்து முந்நூற்றைம்பது என்றேன்.
கொப்பியைக் கேட்டு வாங்கி,
அந்த இரண்டு கோட்டின்மேல் விரலை வைத்தா.
"இதுக்குக் குறைய வாறதில்லை எண்டு
நீங்கதானே எழுதிக் கிடக்கு?"
எண்ணித் தந்தா. பற்றுச்சீட்டும் கேட்டா.
"மற்ற ரெண்டும்?" என்றான் இம்தாத்.
"அது பிறகு பாப்பம்.
ஆனா இந்த உப்புக்கு ஒரு விலை போடு மனே,
கோட்டை இப்பிடி வெறுமையா விட்டா ஓடிற் பிடிக்கும்."

திரும்பும் வழியில் பாலத்தில் ஓட்டோ நெரிசலில் நின்றது.
கொப்பியை விரித்தேன்.
மணிக்கணக்கா, கனத்தின் கணக்கா, வருசக் கணக்கா?
ஒன்று எழுதினேன், பென்சிலால்.
இம்தாத் பின்கண்ணாடியில் எட்டிப் பார்த்து
"நட்டம்" என்றான்.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.