பதினான்காம் துளை

இந்த ஊரில் கடல் நாளுக்கு இரண்டுமுறை
தன் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகும்.
எட்டு மீட்டர். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும்,
பிறகு ஒன்றுமே நடவாததுபோல் எழும்பும்.
செயின்ட் ஜானில் யாரும் இதற்காக நின்று பார்ப்பதில்லை.

நான் வந்தது நிலத்தைத் துளைக்க.
பழைய துறைமுக முற்றம், ஒன்பது ஏக்கர் சரளை,
கொக்கி இழந்த ஒரு கிரேன்.
பத்தொன்பது துளைகள் என்று ஒப்பந்தம்.
குழாயில் ஏறிவருவதைக் கிடத்திவைத்து
நிறம் எழுதுவேன், மணம் எழுதுவேன்.
முதலில் செங்கல் தூள். அதன் கீழே மரத்தூள்,
நூறு வருட மரத்தூள், பைன் வாசம் இன்னும் போகாமல்.
கரை என்று ஒன்று இங்கே இருந்ததேயில்லை.
ஆலைகள் துப்பியதன் மேல் நிற்கிறது ஊர்.
துளைக்குள் நீர்மட்டம் ஏறி இறங்கும்:
கடல் அடியால் வருகிறது, ஒரு மணிநேரம் தாமதமாய்.

பதினான்காவதில் குழாய் கறுப்பாய் வந்தது.
முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.
டிலன் தலைக்கவசத்தைக் கழற்றிச் சொறிந்துகொண்டான்.

நகர மண்டபத்தில் மாதிரி வைத்திருந்தார்கள்.
பஞ்சில் மரங்கள். நீலக் கண்ணாடியில் கடல்,
ஏற்றமும் வற்றும் இல்லாதது.
விரல்நுனி மனிதர்கள், எல்லோரும் ஒல்லி,
ஒருவர் கையிலும் மளிகைப் பை இல்லை.
நகரம் நிலத்தைத் தரும், பத்து வருட வரியை விட்டுக்கொடுக்கும்,
மிச்சத்தை முதலீட்டாளர் தருவார்.
மிச்சம் எது என்று ஒரு கவுன்சிலர் கேட்டார்.
திரையில் அடுத்த படம் வந்தது.

ஆர்லீன் மெலான்சன் எழுந்தாள்,
முப்பது வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருந்தவள்.
"மத்தியானம் அந்தச் சரளையில்தான் காரை நிறுத்தி
உருளைக்கிழங்குப் பொரியல் தின்கிறேன், கடலைப் பார்த்தபடி.
இனி எங்கே நிறுத்த?"
சிரித்தார்கள். கேலியாக இல்லை, அதுதான் மோசம்.
கேள்வி குறிப்பேட்டில் ஏறியது.

இடைவேளையில், காப்பி மேசையருகே:
"தங்கச்சி எவடம்?"
ஸ்காபரோவிலிருந்து வந்தவர், சிவநேசராசா,
முதலீட்டில் எட்டில் ஒரு பங்கு.
பதினொரு மாதமாய் என் காதில் விழாத சொல்.
இளகினேன், மறைப்பானேன்.
இரவிரவாய்க் காரில் வந்த கோழி ரோல் ஒன்றை நீட்டினார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"அந்தப் பதினாலாவதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன?
ஒரு அஞ்சு மீட்டர். நிலம் நிலந்தானே."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே போட்டவர்கள் அளக்காமல் போட்டு
செத்தும் போனார்கள்.
அளக்கிற வேலை எனக்கு விழுந்தது.
ரோலை முழுக்கத் தின்றேன்.
எழுதினேன்: மூன்று தசம் இரண்டு மீட்டரில், கறுப்பு,
பென்சீன், அனுமதித்த அளவுக்கு நாற்பது மடங்கு.
கையெழுத்து வைத்தேன்.

வீரம் என்று நினைக்கவேண்டாம். எதுவும் நிற்கவில்லை.
மூன்று வாரத்தில் புது வரைபடம் வந்தது.
பதினான்காம் துளையின் மேல் வீடில்லை, ஊஞ்சலில்லை,
தார் போட்டு மூடிய வாகன நிறுத்துமிடம்.
சட்டப்படி சரி.
தார் ஒரு நல்ல மூடி என்று என் அறிக்கையிலேயே ஒரு வரி உண்டு.
அதை அப்படியே எடுத்துப்போட்டிருந்தார்கள், என் பெயரோடு.

இரண்டு வருடம் கழித்து, போன செவ்வாய், அங்கே போனேன்.
அரைமணிக்கு மூன்று டொலர்.
முதல் வரிசையில் ஆர்லீனின் கார், கண்ணாடியெல்லாம் ஆவி.
உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து
என்னைக் கண்டு கதவைத் திறந்தாள்.
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"இடம் தந்துவிட்டார்கள், பார்" என்றாள்,
பொரியல் பெட்டியை என் பக்கம் சரித்து.
உப்புக் கூடுதல். 
சீட்டில் இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.
வெளியே கடல் வற்றத் தொடங்கியிருந்தது.
எங்கள் இருக்கைக்குக் கீழும் வற்றும்,
ஒரு மணிநேரம் தாமதமாய்.