முதல் மூன்று நிமிடம்

இதயம் என்று சொல்லாதே, எசா.
எட்டு மணி நேரம் இதய வார்டில் நின்றுவிட்டு வருகிறேன்.
அங்கே யாரும்
விலா எலும்பைச் சுத்தியலால் அடித்து
இடம் பண்ணுவதில்லை.

சிரித்துக்கொண்டே மறுபடி அடிக்கிறான்.
கியர்பாக்ஸ் நுழைய இன்னும் இரண்டு விரற்கடை வேண்டும்.
என் தங்கை இவனை விவாகரத்து செய்தாள்.
நான் செய்யவில்லை;
எனக்கு வெல்டிங் தெரிந்த ஆள் தேவை.
ஔலு நகருக்கு வடக்கே, மைனஸ் இருபத்திரண்டில்,
உருளைக்கிழங்குக் கிடங்காக இருந்த கொட்டகையில்
அறுபத்தாறாம் வருடத்து வால்வோ அமேசான்
மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறது.

பழைய எஞ்சினைப் போன வாரம் சங்கிலியில் தூக்கினோம்.
மூன்றாம் சிலிண்டர் எண்ணெய் குடித்தது,
நான்காவது தண்ணீர் குடித்தது,
குடிக்காத இரண்டை நம்பி
எத்தனை நாள் வேலைக்குப் போவது?
இப்போது ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறது,
இலை போடாத பந்தியில் காத்திருக்கும் சம்பந்தி போல.

புதியது, புதியதும் அல்ல.
தொண்ணூற்று மூன்றில் செய்த பெரிய வால்வோ,
அக்டோபர் இருட்டில் ஒரு மூஸ் மானின் மேல் மோதியது.
கண்ணாடி போனது, கூரை போனது,
மான் போனது,
வில்யோ ராவுத்தியோ என்பவரின் இடது தோள் பாதி போனது.
எஞ்சின் மட்டும்
நடந்தது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்ததாம்,
யாரோ உள்ளே கைவிட்டு அணைக்கும்வரை.

செருப்புக்காகக் காலைத் தறிக்கிறோம்,
எனக்குத் தெரியும்.
எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது,
தொட்டியை வெட்டினோம்.
ரேடியேட்டரை முன்னால் தள்ளினோம்.
புரொப்பெல்லர் ஷாஃப்ட் பதினோரு சென்டிமீட்டர் அதிகம்.
அதையும்.
ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் எசா என்னைப் பார்ப்பான்,
கையெழுத்து வாங்குகிற மாதிரி.
நானும் தலையசைப்பேன்,
வார்டில் உறவினர்கள் அசைப்பார்களே, அப்படி,
பாதி புரிந்து.

இதோ, நானே அந்தப் பேச்சை எடுத்துவிட்டேன்.
விடு.

மார்ச் ஒன்பது, சனிக்கிழமை.
வில்யோவைக் கூப்பிட்டது நான் இல்லை,
பழைய இரும்புக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.
தோளைச் சாய்த்து வாசலில் நின்றார்.
காபி வேண்டாம் என்றார், பிறகு இரண்டு கோப்பை குடித்தார்.
சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
எசா ஒரு ஒயரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னான்.
மறுபடி திருப்பினேன்.
பிடித்துக்கொண்டது,
கொட்டகைத் தகரம் அதிர,
கூடவே டிக், டிக், டிக் என்று ஒரு தட்டல்.
எசாவின் முகம் விழுந்தது.

அணைக்காதீங்க, என்றார் வில்யோ.
மூணு நிமிஷம். எண்ணெய் மேலே ஏறட்டும்.
பதினாறு வருஷமா காலையில இப்படித்தான் முணுமுணுக்கும்.

மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.
மூன்றாவது நிமிடத்தின் நடுவில்
தட்டல் நின்றது.
தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.
கோப்பை இன்னும் சூடாக இருந்தது.

பரிசோதனை நிலையத்தின் படிவத்தில்
மாற்றப்பட்டது என்ன என்று ஒரு கட்டம்.
எஞ்சின், என்று எழுதினேன்.
மீதிக் கட்டங்களில் கோடு போட்டேன்.

ஆற்றில் பனி உடைந்த வாரம்
கீமிங்கி சாலையில் முதன்முறை தனியாகப் போனேன்.
வேகமானி பொய் சொன்னது, எண்பதை அறுபது என்றது.
மஞ்சள் வீட்டருகே வளைவு,
கியரைக் குறைத்தேன்.
வேலியோரம் படுத்திருந்த சாம்பல் நாய்
காதைத் தூக்கியது.
எழுந்து ஓடி வந்தது, ஒரு பின்னங்கால் சரியில்லாமல்.
தபால் பெட்டியில் ராவுத்தியோ என்றிருந்ததை
அப்புறம்தான் பார்த்தேன்.

அதற்குத் தெரியாத நீலம்,
தெரியாத விளக்குகள், தெரியாத பெண்.
நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை.
அது என் கதவுக்கு வரவில்லை.
நேரே பானெட்டின் முன்னால் போய் உட்கார்ந்து
வாலை ஆட்டியது,
அங்கிருந்துதான் யாரோ
இறங்கி வரப்போகிறார்கள் என்பதுபோல.