கழிவு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை
மடியில் தாளை விரித்து
பேனையை உதறிப் பார்த்தாள்.
ஒருபோதும் இல்லை என்றால் பூச்சியம்,
எப்போதும் என்றால் நாலு,
இடையில் மூன்று எண் இருக்கு,
யோசித்துச் சொல்லுங்கோ ஐயா என்றாள்.

மல்லாவி நெல் ஸ்டோரில்
பதின்மூன்று வருசமாய் நான் தராசுக்காரன்.
எண் சொல்வதுதான் என் தொழில், பிள்ளை.
ஆனால் முதலில் சாக்கின் நிறையைக் கழிப்போம்,
பிறகு ஈரத்துக்கு,
பிறகு பதருக்கு.
இதில் நான் எதைக் கழிக்க?
மாத்தளனில் விட்டுவந்ததையா,
லீசிங்காரனுக்குக் கட்டுவதையா,
மழை ஏமாற்றிய இரண்டு போகத்தையா?
எது சாக்கு, எது நெல்?

அவள் தாளைப் புரட்டித் தேடினாள்.
அப்படி ஒரு கேள்வி இல்லை.

உங்கள் உடல்நலம் பாதிக்கப்பட்டுள்ளதா?
நான் முதலில் ஒரு வாய் தின்று காட்டாமல்
யோகம் எதையும் தொடமாட்டாள்.
சோற்றில் ஆரோ என்னவோ கலக்கிறார்களாம்.
காலமைப் புட்டில் ஒரு பிடி,
மத்தியானம் ஒரு பிடி,
அவளுக்குப் பசிக்கிற நடுச்சாமத்தில்
இன்னொரு பிடி.
பன்னிரண்டு கிலோ கூடிவிட்டேன்.
ஸ்டோர்த் தராசில் நானே ஏறிப் பார்த்தது.
அதற்கு எத்தனை போடுவீர்கள்?
பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது.
அடக்கிக்கொண்டு
இரண்டு போட்டாள்.

உறவினர் வருவது குறைந்துள்ளதா?
தம்பி பிரான்சில்.
அவளுடைய ஆட்கள்
செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள்,
எங்கள் படலையைக் கண்டதும்
மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டுகிறார்கள்.
மூன்று.

நித்திரை?
வாசலுக்குக் குறுக்கே என் பாய்.
என்னைத் தாண்டாமல் அவளால்
குளத்துப் பக்கம் போகேலாது.
நாலு.

கோபம்?
எப்பவாவது. ஒன்று போடுங்கோ.
தை மாதம் அகப்பையை ஓங்கியதைச் சொல்லவில்லை.
குசினிக்குள் கோப்பை கழுவும் சத்தம்
நின்று,
பிறகு தொடங்கியது.

இவரால் உங்களுக்கு வெட்கம் ஏற்படுகிறதா?

ஒருபோதும் இல்லை என்றேன்
முற்றத்து முருங்கையைப் பார்த்தபடி.

‘ரண்டு போடுங்கோ.’
உள்ளேயிருந்து.
‘கிளினிக் பஸ்ஸில நான் சத்தமாய்க் கதைச்ச அண்டைக்கு
இவர் எழும்பிப் போய்
வேற சீட்டில இருந்தவர்.
ஆரோ போல, யன்னலுக்கால பார்த்துக்கொண்டு.
நான் கண்டனான்.’

பேனை பூச்சியத்துக்கு மேலே நின்றது.
பின்வளவில் ஆரோ லாண்ட்மாஸ்ரர் ஸ்ராட் பண்ண
அது இருமி இருமி அணைந்தது.
அழியுங்கோ என்றேன்.
பிள்ளையிடம் அழிறப்பர் இல்லை.
கோடு இழுத்துவிட்டு
பக்கத்தில் எழுதினாள், சின்னதாய்.

தேத்தண்ணி வந்தது, மூன்று கோப்பை.
வழக்கப்படி யோகத்தின் கோப்பையில்
ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொடுத்தேன்.
அந்தப் பிள்ளையும் ஏனோ
தன்னுடையதில் ஒரு மிடறு குடித்து
அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

கூட்டல் இரண்டு தரம்.
நாற்பத்தேழு.
மிதத்துக்கும் கடுமைக்கும் நடுவிலை ஐயா, என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு
மூன்றரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

இரவு நான் வாசலில் பாயை உதற
யோகம் கேட்டாள்:
‘எவ்வளவு வந்தது?’
நாற்பத்தேழு.
‘கிலோவோ?’
ஓம்.
இருட்டில் கொஞ்சநேரம் கணக்குப் பார்த்தாள்.
‘ஒரு மூட்டைக்கும் காணாதே’ என்றுவிட்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.