கோச்சி றோட்

ஏ-ஒன்பதில் குழிக்கு நடுவில்தான் தார்.
ஊசிமருந்துப் பெட்டியைக் கரியரில் கட்டி
அதால் போனால்
கனகராயன்குளம் சேர முன்னம்
குப்பிகள் ஒன்றையொன்று இடித்துக் கொல்லும்.
அதனால் மாங்குளத்தில் இருந்தே
நான் கோச்சி றோட்.

கோச்சி நின்று ஆறு வருசம்.
தண்டவாளம் போச்சு. சிலிப்பர் கட்டை போச்சு.
சல்லியை ஆரோ அத்திவாரத்துக்கு அள்ளியாச்சு.
மிஞ்சிக் கிடப்பது மட்டம்.
மட்டத்தை ஆராலும்
கழற்றிக் கொண்டுபோக ஏலாது.

மேடு ஏறத் தெரியாதாம் கோச்சிக்கு.
அதற்காகத்தான் ஒரு காலத்தில்
உயரத்தைச் சீவிப் பள்ளத்தில் கொட்டி
இந்தக் காட்டையே
ஒரு மேசைபோல இழைத்து வைத்தார்கள்.
எஞ்சினின் இளைப்புக்குக் காட்டிய இரக்கம்
இப்போது என் முழங்காலுக்கு.

இரண்டு பக்கமும் பாலை, வீரை.
மதகுக்கு மேல் மட்டும் இறங்கி உருட்டவேணும்.
கட்டை கிளப்பிய இடங்களில்
குறுக்கே குறுக்கே தழும்பு.
அதில் ஏறினால் மட்கார்ட்
டடக் டடக் என்று
சின்னக் கோச்சியாகும்.
ஆரும் இல்லாத இடத்தில்
நானும் ஒருக்கால் கூவிப் பார்த்தேன்.
ஆட்காட்டி ஒன்று பதிலுக்கு வைதது.

அப்போதுதான் எதிரே வந்தது தண்டவாளம்.

இரண்டு சைக்கிள், முன்னும் பின்னுமாய்.
இரண்டு கரியருக்கும் குறுக்கே
பத்தடித் துண்டு, சாக்கு சுற்றி.
முன்னுக்குப் பரஞ்சோதி, பின்னுக்கு அவன்ரை மச்சான்,
ஆளுக்கொரு ஹாண்டிலைப் பிடித்து
மூச்சு வெளியில் கேட்கத் தள்ளி வந்தார்கள்.

"மிசி, நிப்பாட்டினால் திரும்ப எடுக்கேலாது."

சரிவில் இறங்கிப்
பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி
நாயுண்ணிப் பற்றைக்குள் நின்றேன்.
தான் படுத்திருந்த வழியே
தண்டவாளம் போய்க்கொண்டிருந்தது,
மணிக்கு இரண்டு மைல் வேகத்தில்.

கனகராயன்குளத்தில் பள்ளிக்கூட மாமரத்தின் கீழ்
பதினாறு பிள்ளைகள்.
ஒன்பதாவது பிள்ளைக்குப் போலியோச் சொட்டு விடும்போது
கிபிர்.
சத்தம் வந்த பிறகு வானத்தைப் பார்ப்பது
புது ஆக்கள் மட்டும்.
மற்றவர்கள் பங்கருக்குள்.
வரிசை குலையாமல் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.
குலைந்ததுதான்.
பத்தாவது பிள்ளை எதென்று தெரியாமல்
எட்டாவதற்கு இன்னொருக்கால் விடப் பார்த்தேன்.

கூரைக்குத் தண்டவாளம் மூன்று, மேலே மண் மூட்டை.
எங்கும் துரு.
சில்லு தேய்த்த பக்கம் மட்டும்
விரலுக்கு இன்னும் வழவழப்பு.

எவ்வளவு நேரம் சும்மா இருப்பது?
நிறுவைத் தராசை அதில் கொழுவினேன்.
தவமலர் தன் பிள்ளையின் இரண்டு காலையும்
தராசின் காற்சட்டைக்குள் விட்டாள்.
எத்தனை தொன் போன இரும்பு.
அதில் ஐந்து கிலோ எழுநூறு
தொங்கி, ஆடி,
என்ரை சேட்டில் மூத்திரம் பெய்தது.
பங்கரே சிரித்தது.

ரோர்ச் வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்தேன்.
போன மாதமும் ஐந்து எழுநூறு.
அதற்கு முந்தின மாதம் ஐந்து அறுநூற்றைம்பது.
புள்ளிகளைத் தொடுத்தால்
மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.
இந்த அட்டையில்
மட்டமான கோட்டைப் போல்
பயமான கோடு இல்லை.

"என்ன குடுக்கிறீர்?"
"இருக்கிறதை, மிசி."

திரும்பும்போது குப்பிகள் வெறுமை, பெட்டி பாரமில்லை.
காற்று முகத்துக்கு.
மதகு தாண்டி அரை மைலில்
பின் சில்லு சப்பென்று இருந்தது.
ரயரைக் கழற்றி ரியூபை இழுத்தேன்.
தண்ணீருக்கு எங்கே போவது?

றெஜிபோம் பெட்டியைத் திறந்தேன்.
ஐஸ் கரைந்து நாலு விரல் தண்ணீர்,
இன்னும் குளிர்.
ரியூபை அதில் அமிழ்த்தி
கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பினேன்.

பிசகாத மட்டமாய்க் கிடந்த தண்ணீரில்
ஒரு குமிழி
மேலே வந்தது.