இடது

கல்வர் சிட்டி, ஏழாம் அரங்கு, 1936.
கம்பளத்தில் பிணம்.
சாப்பாட்டு மணி நெருங்குவதால்
அதன் வயிறு இரைகிறது.

துப்பறியும் தம்பதி வேலையில் இறங்குகிறார்கள்.
அவன் சோபாவுக்கு அடியில் தேடுகிறான்,
அவள் அவன் தேடாத இடத்தில்.
"கையுறை கிடைத்துவிட்டது, அன்பே.
உங்கள் மூளையைத்தான் காணோம்."
கட்.
இருவரும் அவரவர் காரை நோக்கி நடக்கிறார்கள்.

வெர்னா டீக் குறித்துக்கொள்கிறாள்:
கையுறை, இடது.
சிகரெட், அரை விரல்.
விஸ்கி (ஆறிய தேநீர்), முக்கால் கோப்பை.
நேற்றையும் இன்றையும் ஒட்டும்போது
தையல் தெரியக் கூடாது.
அதற்குத்தான் சம்பளம்.

மேலே விளக்குப் பரணில் அவள் கணவன் ஆர்வில்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சில்லை.
மூன்று டாலர் எங்கே என்று கேட்டாள்,
வாயைத் திறக்கவில்லை.
குதிரைதான் என்று வழக்கை முடித்துவிட்டாள்.

இப்போது அண்ணாந்தால்
பரணின் கம்பி இடைவெளியில் அவன் செருப்படி:
ஓட்டை,
ஓட்டையை அடைத்து ஓட்ஸ் பெட்டியின் அட்டை.

காலையில் மழைத்தண்ணீரில் நடந்துதான் வந்தாள்.
காலுறை நனையவில்லை.
மெல்லக் காலை மடித்துப் பார்க்கிறாள்.
புதுத் தோல். ஆணிகள்கூட மின்னுகின்றன.

"வெர்னா! கையுறை எந்தக் கை?"
இயக்குநர் கத்துகிறார்.
அவளுக்கு வரவில்லை.

பிணம்தான் சொல்கிறது.